நாட்டுடைமை ஆன நீல நோட்டு

அத்தை,

இன்று காலை ஜெராக்ஸ் கடையில் சூடான தாளின் வாசனை வந்ததும் உங்கள் நினைவு வந்தது. திருக்கோகர்ணம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் அதே கடைதான். இயந்திரத்தை மாற்றிவிட்டார்கள். வாசனை மாறவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு ஹால் டிக்கெட்டை நகலெடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அதுவும் ஒரு வேலைதான், ஆனால் முக்கியமான வேலை வேறு. உங்கள் மகள் யாழினி ஒரு துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். பைக்குள் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

அச்சாகி வரும் முதல் தாளை நீங்கள் எப்போதும் கன்னத்தில் வைத்துப் பார்ப்பீர்கள். "இட்லித் தட்டுல இருந்து எடுத்த துணி மாதிரி இருக்குடி" என்பீர்கள். யாராவது பார்க்கிறார்களா என்று நான் கூச்சத்தோடு சுற்றுமுற்றும் பார்ப்பேன். நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகப்போகிறது. அழுதுகொண்டு எழுதக் கூடாது என்று முடிவு செய்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன். தவறு இருந்தால் சொல்ல நீங்கள் இல்லை என்பதால் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு.

யாழினிக்கு அப்போது எட்டு வயது. வீட்டுக்குள் அவள் பேச்சை நிறுத்த ஆள் வைக்க வேண்டும். வாசல் கேட்டைத் தாண்டினால் ஒரு சொல் வராது. டவுன் பஸ்ஸில் பேச மாட்டாள், கோயிலில் பேச மாட்டாள், பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடமாக வாயே திறக்கவில்லை. திருச்சியில் பார்த்த டாக்டர், "வற்புறுத்தாதீங்க, பயம் போனா தானா வரும்" என்றார். பள்ளிக்கூடத்தில் சொன்னது வேறு. "ரீடிங் மார்க் எப்படிங்க போடுறது? பேச ஆரம்பிச்ச பெறகு கூட்டிட்டு வாங்களேன்." நீங்கள் சண்டை போடவில்லை. மறுநாள் போய் டி.சி. வாங்கிக்கொண்டு வந்துவிட்டீர்கள். என் அப்பா உங்கள் அண்ணன் என்ற உரிமையில் கத்தினார். "பன்னெண்டாவது படிச்சவ, நீ வாத்தியார் வேலை பாக்கப் போறியா?" நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "மூணாவதுக்குப் பன்னெண்டாவது போதும்ண்ணே."

அரசுப் பாடப்புத்தகங்கள் செல்போனிலேயே இலவசமாகக் கிடைக்கும். ஆனால் அந்த அட்டையைப் பார்த்தாலே யாழினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அது பள்ளிக்கூடத்தின் முகம். வேறு புத்தகம் வேண்டும், விலை கொடுத்து நிறைய வாங்கவும் முடியாது. ஒன்பதாம் வகுப்பில் இருந்த என்னைக் கூப்பிட்டு உங்கள் போனைக் கையில் கொடுத்தீர்கள். "தேடித் தா. நீதான் எந்நேரமும் புத்தகமும் கையுமா அலையிறவ." எனக்குப் பெருமை தாங்கவில்லை. நூலகங்கள் ஸ்கேன் எடுத்து இணையத்தில் போட்டிருக்கும் பழைய புத்தகங்களை ஒரே வாரத்தில் நாற்பதுக்கு மேல் இறக்கிவிட்டேன். கதைப் புத்தகம், கணக்கு, செடிகொடிப் படங்கள், தேசப் படங்கள்.

நீங்கள் ஒவ்வொன்றையும் காட்டி ஒரே கேள்வி கேட்டீர்கள். "இது யாரோடது?"

இலவசமாகக் கிடைக்கிறது என்றால் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் டவுனில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த கதையை அன்றுதான் சொன்னீர்கள். ஒரு கணக்கு கைடை முழுசாக நகலெடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது வயதான ஒருவர் வந்து நின்றார். அடுக்கையே பார்த்தார். மேல்தாளை எடுத்துப் படித்தார். அதை ஒழுங்காக நேர்படுத்தி வைத்துவிட்டு, வந்த வேலையைச் சொல்லாமலே போய்விட்டார். அந்த கைடை எழுதிய வாத்தியார் அவர்தான் என்று முதலாளி பிறகு சொன்னாராம். "அவரு திட்டியிருந்தாக்கூட மறந்துருப்பேன். தாளை நேரா அடுக்கி வச்சுட்டுப் போனாருடி" என்றீர்கள்.

அதனால் உங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டே வாசல்கள். எழுதியவர் இறந்த பிறகு அறுபது ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அரசு நாட்டுடைமை ஆக்கிய புத்தகமாக இருக்க வேண்டும். இரண்டிலும் சேராததை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அச்சிட விடமாட்டீர்கள். ஒவ்வொரு பெயரையும் தேடி இறந்த ஆண்டை நான் சொல்ல, நீங்கள் விரல்கணுவில் எண்ணுவீர்கள். ஒருநாள் நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். "அத்தை, இவரு செத்து எழுபத்தஞ்சு வருஷம் ஆச்சு!" நீங்களும் யோசிக்காமல், "அப்பாடா, நல்லதாப் போச்சு" என்றீர்கள். யாழினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "பாவம்மா அவரு" என்றாள். அன்றிலிருந்து அச்சிடும் முன் முதல் பக்கத்தில் இருக்கும் பெயரை ஒருமுறை சத்தமாகப் படிக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்தது. யாழினிதான் படிப்பாள்.

முதல் தவறு என்னுடையது. கணக்குப் புத்தகத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். நூறு வருடப் பழையது, ஆனால் கணக்குகள் எல்லாம் கத்தரிக்காயும் மாங்காயுமாகக் கதை போல இருந்தன. அதில் இருந்த அளவைகளை நான் சரியாகப் பார்க்கவில்லை. ஆவணி மாதத்தில் ஒருநாள் மளிகைக் கடைக்கு யாழினியைக் கூட்டிப் போனேன். கடையில் அவள் பேச மாட்டாள் என்பதால் சீட்டு எழுதிக் கொடுப்பது பழக்கம். அந்தத் தடவை அவளே எழுதியிருந்தாள். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். மறுபடி படித்தார்.

"உருளைக்கெழங்கு அரை வீசை. ஏத்தா, யாரு எழுதுனது இது?"

யாழினி என் பின்னால் போய் நின்றாள்.

"வீசைக்கு நான் எங்கிட்டுப் போவேன்? எங்கப்பாருதான் அந்தக் கல்லை எடைக்குப் போட்டாரு." சிரிப்பை அடக்க முடியாமல் கடைக்குள்ளே பார்த்துக் கத்தினார். "ஏம்மா, இங்கிட்டு வா, மகாராஜா காலத்துல இருந்து ஆள் வந்துருக்கு!" பிறகு என்ன நினைத்தாரோ, மின்தராசில் எழுநூறு கிராம் நிறுத்துக் கொடுத்தார். அது சரியான எடை. வீட்டுக்கு வந்து நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அதை அங்கேயே விட்டிருக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டில் அப்பாவிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார், மறுநாள் ஷார்ஜாவில் வேலையில் இருந்த மாமாவிடம், யாழினியின் அப்பாவிடம், போனில் அதே வேடிக்கையைச் சொன்னார். மாமா சிரிக்கவில்லை. அன்று வீடியோ காலில் அவர் உங்களிடம் பேசியபோது நானும் அந்த அறையில் இருந்தேன். யாழினி பின்கட்டில் இருந்தாள்.

"ஊருல ஒவ்வொருத்தன் பிள்ளையும் இங்கிலீசு மீடியத்துல படிக்குது. எம் பிள்ளை வீசைக் கணக்குப் படிக்குதாக்கும்?"

"ஒரு தப்பு நடந்து போச்சுங்க. சரி பண்ணிக்கலாம்."

"ஒன்னும் பண்ண வேணாம். திருச்சியில ஆஸ்டலோட ஒரு ஸ்கூல் இருக்கு, இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கே. கோடையில லீவுக்கு வாரேன். அதுக்குள்ள அவ வெளி ஆளுட்ட ஒரு வார்த்தை பேசிட்டான்னா நீ சொல்றபடி கேக்குறேன். இல்லைன்னா கொண்டு போய் விட்டுட்டுத்தான் பிளேன் ஏறுவேன்."

எட்டு மாதம் இருந்தது. போனை வைத்ததும் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "வீட்டுல நீதான் சொன்னியா?"

"ஆமா அத்தை."

"சரி. பென்சிலை எடு."

நீங்கள் ஒரு தடவை திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்த ஜெராக்ஸ் கடை வாத்தியாரைப் பற்றி நீங்கள் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அன்று தொடங்கிய வேலை இதுதான். யாழினி படிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு பக்கத்தையும் நான் படிக்க வேண்டும். இன்றைக்குப் பொருந்தாத எதைப் பார்த்தாலும் ஓரத்தில் பென்சிலால் 'அப்போ' என்று எழுத வேண்டும். 'தவறு' என்று எழுத விடவில்லை நீங்கள். "அந்த மனுசன் எழுதுறப்ப அது சரிதானே? செத்தவரைப் போய்த் தப்புன்னு சொல்லிக்கிட்டு." 'அப்போ' இருக்கும் இடத்துக்கு எல்லாம் 'இப்போ' என்ன என்று யாழினி கண்டுபிடித்துத் தன் நோட்டில் எழுதுவாள். பேனா கூடாது. இன்றைய 'இப்போ'வும் ஒருநாள் மாறும் என்பது உங்கள் காரணம்.

பள்ளிக்கூடத்தில் நான் படித்ததை விட அந்த ஓரங்களில் படித்தது அதிகம். பழைய வான சாஸ்திரப் புத்தகத்தில் கிரகங்கள் எட்டு என்று இருந்தது. அப்பாவைக் கேட்டேன், ஒன்பது என்றார். என் அறிவியல் புத்தகத்தைப் பார்த்தேன், எட்டு. ஒன்பதாவதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் எழுதிய புத்தகம், அதை நீக்கிய பிறகு மறுபடி சரியாகிவிட்டது. "அப்படின்னா மாமாவுக்குத்தான் 'அப்போ' போடணும்" என்றாள் யாழினி. அப்பா கையைப் பிடித்து உண்மையிலேயே பென்சிலால் எழுதியும் விட்டாள்.

இன்னொரு பக்கம். ஒரு படம், அதன் கீழே இரண்டு வரி. தம்பி படிக்கிறான், அக்காள் வீடு கூட்டுகிறாள். நீங்களே வாங்கி ஓரத்தில் 'அப்போ' என்று எழுதினீர்கள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். பிறகு ரப்பரை எடுத்து அழித்துவிட்டீர்கள். அந்தத் தாளில் அழித்த தடம் இன்னும் இருக்கிறது.

சித்திரை பிறந்ததும் மாமா வந்தார். சாக்லேட், சென்ட், யாழினிக்கு விளக்கு எரியும் செருப்பு. ஆஸ்டல் விண்ணப்பத்தை டிவிக்குக் கீழே வைத்தார். பூர்த்தி செய்திருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. எட்டு மாதத்தில் யாழினி நன்றாகப் படித்தாள், அழகாக எழுதினாள், பெருக்கல் வாய்ப்பாடு பதினாறு வரைக்கும் சொன்னாள். எல்லாம் கேட்டுக்கு உள்ளே. மாமா அவளை டீக்கடைக்கும் சலூனுக்கும் கூட்டிக்கொண்டு போய், "மாமாவுக்கு வணக்கம் சொல்லு" என்று பார்த்தார். அவள் புதுச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள் என்று திரும்பி வந்து சொன்னார். அவர் கோபமாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது. நீங்கள் அந்த வாரம் வழக்கத்தை விட வேகமாக வேலை செய்தீர்கள், பாத்திரம் அதிகமாகச் சத்தம் போட்டது.

மாமா கிளம்ப ஒன்பது நாள் இருந்தபோது பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வீடு வீடாக வந்தார். கரூர்ப் பக்கமிருந்து புதிதாக மாறுதலாகி வந்தவர். வெயிலில் முகம் சிவந்திருந்தது. நீங்கள் மோர் கொடுத்தீர்கள். மாமா நாற்காலியில் இருந்தார். யாழினி தரையில் தாள்களைப் பரப்பிவைத்துக்கொண்டு இருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் அவள் உதடு ஒட்டிக்கொண்டதை நான் கவனித்தேன்.

"பாப்பா எந்த ஸ்கூலுங்க?"

"வீட்டுலதான் படிக்குதுங்க" என்றீர்கள்.

"வீட்டுலயா? அதெல்லாம் சரியா வருமாங்க? எதை வச்சு நடத்துறீங்க?"

நீங்கள் பதில் சொல்வதற்குள் அவர் குனிந்து ஒரு தாளை எடுத்தார். பழைய தேசப் படம். சென்னை மாகாணம் முழுக்க ஒரு நிறம், நடுவே நம் புதுக்கோட்டை மட்டும் தனி நிறத்தில், கட்டம் கட்டிய மாதிரி.

"இதென்னங்க, புதுக்கோட்டையை மட்டும் வேற நாடு மாதிரிப் போட்டிருக்கு?" மாமாவைப் பார்த்து வருத்தத்தோடு சிரித்தார். "இப்படித் தப்புத் தப்பா இருக்கறதைக் குடுத்தா பிள்ளை என்னங்க சார் படிக்கும்?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். நீங்கள் மோர்ச் செம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தீர்கள். நான் ஓரத்தில் எழுதியிருந்ததைக் காட்டலாம் என்று எழுந்தேன்.

"தப்பில்ல."

யார் குரல் என்று டீச்சருக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார். யாழினி தரையிலிருந்தபடியே கையை நீட்டித் தாளின் ஓரத்தைத் தொட்டாள்.

"அது அப்போ" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, "அப்போ ராஜா இருந்தாரு. தனி" என்றாள்.

டீச்சர் தாளைத் திருப்பி ஓரத்தைப் படித்தார். "அட, ஆமா. சமஸ்தானம். நான்தான் யோசிக்கல பாப்பா" என்றார். அவருக்கு அது ஒரு சாதாரணப் பேச்சு. பதிவேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, மோர் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். தான் எங்கே நின்றிருந்தோம் என்று அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாது.

மாமா எழுந்து பின்கட்டுக்குப் போனார். குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து உங்களிடம் கேட்டது இதுதான்: "அந்த மேப்பு இன்னொன்னு பிரிண்ட் போடலாமா? ஷார்ஜா ரூம்ல ஒட்டணும்." ஆஸ்டல் விண்ணப்பம் டிவிக்குக் கீழேயே கிடந்தது. அதன் பின்பக்க வெள்ளையில் யாழினி பிறகு ஒரு முதலை வரைந்தாள்.

அதன்பிறகுதான் நீல நோட்டு வந்தது. பழைய கதைகளில் வரும் குழந்தைகள் எல்லாம் ரொம்ப நல்லவர்களாக இருக்கிறார்கள், இல்லாவிட்டால் கடைசி வரியில் அடி வாங்குகிறார்கள் என்று உங்களுக்கு ஒரு குறை. பேசப் பயப்படும் பிள்ளை ஒருத்தி கூட எந்தப் புத்தகத்திலும் இல்லை. "நாமளே எழுதிட்டா என்ன?" என்றீர்கள். சின்னச் சின்ன வாக்கியங்களில் பாடங்கள். விசில் தொலைந்துபோன கண்டக்டர். குன்றாண்டார்கோவில் குகைக்குள் சத்தமாகச் சிரித்துப் பார்த்த சிறுமி. நான் எழுத்துப்பிழை பார்ப்பேன், நீங்கள் என்னை முறைப்பீர்கள்.

கட்டுமாவடிக் கடற்கரைக்குப் போன நாளில் எழுதிய பாடம்தான் எனக்குப் பிடித்தது. ஒரு பழைய மீன் புத்தகத்தின் படங்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம். மீன் ஏலம் முடிந்த நேரம். படங்களைக் காட்டிப் பெயர் கேட்டபோது, தலையில் துண்டு கட்டிய மீன் வியாபாரி பாய் ஒருவர் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தார்.

"இது பாறை. இது நகரை. இந்தா, இது கிழங்கான்... படம் போட்டவன் மீனை வரைஞ்சுருக்கான், தின்னுருக்க மாட்டான்."

"ஏன் பாய் அப்படிச் சொல்றீங்க?" என்றீர்கள்.

"தின்னவன்னா இம்புட்டுப் பொறுமையா வரைவானாம்மா? கொழம்பு ஆறிப் போயிருமுல்ல."

யாழினி சிரித்துவிட்டாள், வெளியே, கடற்கரையில், சத்தமாக. பாய் அவளுக்கு ஒரு படத்தைத் திருப்பிக் கொடுத்து, "ஒனக்கு எது வேணும் ஆத்தா?" என்றார். அவள் வாய்க்குள் "நகரை" என்றாள். டீச்சருக்குப் பிறகு இரண்டாவது ஆள்.

அன்று திரும்பும் பஸ்ஸில் நான், "உங்க நோட்டையும் ஒருநாள் நாட்டுடைமை ஆக்குவாங்க அத்தை" என்றேன். "ஆக்குவாங்க, ஆக்குவாங்க. மீன் வாசனையோட" என்று நோட்டை முகர்ந்து பார்த்தீர்கள்.

அதற்கு அடுத்த வருடம் ஐப்பசி மழையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. நான்கு நாள். ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. மாமா வருவதற்காக ஒரு பகல் காத்திருந்தோம். நோட்டில் முப்பத்தெட்டாவது பாடம் பாதியில் நிற்கிறது. ஒரு குளத்தைப் பற்றியது. 'குளத்துக்குள் இறங்கும் முன்' என்பவை கடைசிச் சொற்கள்.

அந்த முறை மாமா ஆஸ்டலைப் பற்றிப் பேசுவார் என்று நான் எதிர்பார்த்தேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பது நியாயமான காரணமும்கூட. காரியம் முடிந்த மறுநாள் அவர் யாழினியைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டார். "நீ சொல்லுத்தா. எங்கிட்டு இருக்கணும்?" அவள் எங்கள் வீட்டைக் கையால் காட்டவில்லை. "மாமா வீட்டுல இருக்கேன். ஆறாவதுக்கு ஸ்கூலுக்குப் போறேன்" என்று சொன்னாள். அறை முழுக்க உறவுக்காரர்கள் இருந்தார்கள். அதில் பாதிப்பேர் அவள் குரலை முதல் தடவையாகக் கேட்டார்கள்.

மீதி மாதங்களை நான் நடத்தினேன். என் பதினொன்றாம் வகுப்புக்கு நடுவே, சுமாராகத்தான். உங்கள் தாள் கட்டுகளை அப்பா ஒருநாள் பழைய பேப்பர் கடைக்கு எடுத்து வைத்தார். நான் எடுத்து என் கட்டிலுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். ஆனியில் யாழினி பக்கத்திலிருக்கும் அரசுப் பள்ளியில் சேர்ந்தாள். அங்கே நிறையப் பேசுகிறாள் என்று சொல்ல முடியாது. தேவைக்குப் பேசுகிறாள். அதற்கு நான் 'இப்போ' என்று எழுதி வைத்திருக்கிறேன், பென்சிலால்.

போன வாரம் அவள் என்னிடம் வந்தாள். "அக்கா, எங்க கிளாஸ்ல அஞ்சு பேரு இன்னும் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறாங்க. அம்மா நோட்டைக் காப்பி போட்டுக் குடுக்கலாமா?"

"குடுக்கலாமே."

"இல்ல. அது அம்மாவோடது. அறுபது வருஷம் ஆவணும்."

அவள் விளையாடவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அறுபது ஆண்டு முடியும்போது எனக்கு எழுபத்தாறு வயது, அவளுக்கு எழுபது. அந்த ஐந்து பேருக்கும் அதே எழுபது. அதற்குள் எழுத்துக்கூட்டப் பழகியிருப்பார்கள் என்றேன். அவள் சிரிக்கவில்லை. நான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். எழுதியவர் இல்லாமல் போனால் அவருடைய உரிமை குடும்பத்துக்கு வருகிறது, அவர்கள் விட்டுக்கொடுக்கலாம் என்று புரிந்தது. மாமாவுக்கு போன் போட்டோம். "அவ சொல்றதுதான். அது அவளுக்கு எழுதுனது" என்றார்.

இன்று காலை துணிப்பையில் இருந்தது அந்த நீல நோட்டு.

கடைக்கார அண்ணன் என் ஹால் டிக்கெட்டை முடித்துவிட்டு நோட்டை வாங்கிப் புரட்டினார். புதிதாக வேலைக்கு வந்தவர், உங்களைத் தெரியாது. முழுசாகவா என்று கேட்டார். முழுசாக என்று தலையை ஆட்டினேன்.

"முழுப் புத்தகமெல்லாம் போடக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிருக்காரும்மா. இது யாரோடது?"

அத்தை, உங்களைத் தவிர வேறு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை. என்னிடம் பதில் தயாராக இருந்தது. சட்டப் பிரிவு வரைக்கும் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் யாழினி எனக்கு முன்னால் வந்து மேசையில் கையை வைத்தாள்.

"எங்க அம்மா எழுதுனதுண்ணே. நாட்டுடைமை ஆக்கியாச்சு. அஞ்சு காப்பி போடுங்க. பாதியில நிக்கிற பாடத்தையும் சேத்துப் போடுங்க, அதைப் படிக்கிறவங்க முடிச்சுக்குவாங்க."

அவர் முதல் பக்கத்தைத் திறந்தார். அதில் அவள் எழுதியிருந்ததை நானும் அப்போதுதான் பார்த்தேன். பென்சிலில், இரண்டு வரி.

அப்போ: அம்மாவோடது.
இப்போ: எல்லாருக்கும்.

அதற்கும் கீழே உங்கள் பெயர். அச்சிடும் முன் படிக்க வேண்டும் அல்லவா, அவள் சத்தமாகப் படித்தாள். கடையில் மூன்று நான்கு பேர் நின்றிருந்தார்கள், ஒருவர் திரும்பிப் பார்த்தார். முதல் தாள் வந்ததும் அவள் எடுத்தாள். கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் சுற்றுமுற்றும் பார்க்கவில்லை.

உங்களிடமிருந்து என்னோடு இருப்பது ஒரு பழக்கம்தான். எதைப் படித்தாலும் கையில் பென்சில் வேண்டியிருக்கிறது. இது யாருடையது, எப்போது எழுதியது என்று கேட்காமல் ஒரு பக்கத்தையும் திருப்ப முடியவில்லை. இந்த மடலையும் அப்படித்தான் ஒருமுறை படித்துப் பார்த்தேன். ஓரத்தில் பல இடங்களில் 'அப்போ' போட வேண்டியிருந்தது. முதல் வரியில் இருக்கும் 'அத்தை'க்குப் பக்கத்திலும் எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ரப்பரை எடுத்து அதை மட்டும் அழித்துவிட்டேன்.